பெம்மா – அத்தியாயம் 17: யாருடைய சித்தம்?

சுண்டுவுக்கு முழுக்கைச் சட்டை என்றாலே ஆகாது.

“கை குத்துது பெம்மா.”

“கொஞ்ச நேரம்தான்டா தங்கம். ஆபீசுக்குப் போயிட்டு வந்ததும் கழட்டிடலாம்.”

“இவ்ளோ வெயில்ல யாராச்சும் இதைப் போடுவாங்களா?”

நாலு வயசுப் பெண்ணுக்கு நாப்பது வயசுப் பேச்சு. வேறு நாளாக இருந்தால் பெம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, பொத்தானை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

அந்தத் துணிக்குக் கீழேதான் இருந்தது சூட்டுக் காயம். பிறை மாதிரி, சிவந்து, ஓரத்தில் தோல் சுருங்கி.

அது எப்படி வந்தது என்று போன வாரமே பார்த்தோம். பெம்மா வேலை செய்வது கண்ணாடிக் கடையில். லென்சை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து மாட்டுவதும், காதில் அழுத்துகிற ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது தெரியும். ஒரு பெரியவர் கண்ணாடி மூக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஃபிரேம் சூடாக்கும் கருவியின் விளிம்பில் பிள்ளை கையை வைத்துவிட்டது.

ஓடிப்போய்த் தூக்கி, குழாயடியில் கையைப் பிடித்து, மருந்து தடவி, அழுகை ஓய்ந்த பிறகு பெம்மா சொன்னது ஒன்றுதான்.

“யார்கிட்டயும் சொல்லாதடா.”

பயத்தில் வந்த வார்த்தை. அப்போது அவள் மனசில் வேறெதுவும் இல்லை. ஆனால் மறுநாள் வீட்டுக்கு வந்த நாத்தனார் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு, “சனி ஞாயிறு அவகிட்ட இருந்துட்டு வந்த லட்சணமா இது? பாவி!” என்று நெஞ்சில் கை வைத்தபோது, பெம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். பால் பொங்கவில்லை.

நாத்தனார் ‘அவ’ என்றது சுண்டுவைப் பெற்றவளை.

பெற்ற கையோடு அந்தப் பெண்ணுக்கு மனசு கலங்கிப் போனது. புருஷன் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவன்தான், வீடு திரும்பவே இல்லை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளையைக் குழந்தைகள் நல அலுவலகம் எடுத்துக்கொண்டு, பிள்ளை இல்லாத இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டது. தாய் தேறும் வரைக்கும் என்ற பேச்சோடுதான் விட்டார்கள். சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் சுண்டு. அம்மா என்று கூப்பிடப் பழக்கக் கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பெரியம்மா, பெரியப்பா. பேச்சு வந்த வாய்க்கு அது நீளமாக இருந்தது. பெம்மா, பெப்பா என்று தானே வெட்டிக்கொண்டது. இப்போது சர்ச் சபையில்கூடப் பாதிப் பேர் அவளைப் பெம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பெற்றவள் தேறிவிட்டாள். சலவை நிலையத்தில் துணி மடிக்கிற வேலை. வார இறுதியில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். பிள்ளை இனி யாரிடம் என்று இன்று அதிகாரி முடிவு சொல்ல வேண்டும்.

பெப்பா வேலைச் சீருடையில் வந்து நின்றார். லிப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பை.

“என்ன இது? நல்ல சட்டை எடுத்து வெச்சேனே.”

“ஒரு கட்டடத்துல லிப்ட் நின்னுபோச்சாம். ஆள் யாரும் மாட்டிக்கல. ஆனாலும் போகணும்.”

“இன்னைக்கா?”

“லிப்ட்டுக்கு நாள் கிழமை தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியுமே!”

அவர் குனிந்து சுண்டுவின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ஏற்கனவே கட்டியிருந்த சுண்டுவின் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டார். பிறகு பெம்மாவின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், இப்படி ஒரு நாளில் தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

*

அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. எதிரே பிளாஸ்டிக் கூடையில் விளையாட்டுச் சாமான்கள். சக்கரம் போன கார், கை போன பொம்மை. சுண்டு உட்கார்ந்து கை போன பொம்மைக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள்.

நாத்தனார் முன்னாடியே வந்து இடம் பிடித்திருந்தாள். சபையில் பெண்கள் ஜெபக் குழுவை நடத்துகிறவள். எங்கே உட்கார்ந்தாலும் அங்கே ஒரு கூட்டம் நடப்பது போலத்தான் உட்காருவாள்.

“அண்ணி, நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. உபவாசம். ஆண்டவர் தெளிவாப் பேசிட்டார்.”

“என்ன பேசினார்?”

“பிள்ளை நம்ம வீட்டுலதான். அதுதான் அவர் சித்தம். இல்லேன்னா இந்த நேரம் பார்த்து அந்தக் காயத்தை ஏன் காட்டிக் குடுக்கணும், சொல்லுங்க?”

பெம்மா சுண்டுவின் சட்டைக் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். கூடவே பொறாமையாகவும் இருந்தது. நாத்தனாரிடம் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் தன்னிடம் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை? இவ்வளவு வருஷமாக அவளுடையது ஒரே ஜெபம். ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எங்களுக்கே கொடும், ஆனாலும் உம்முடைய சித்தம். அந்தக் கடைசி வார்த்தையை, கடிதத்தின் அடியில் ‘இப்படிக்கு’ போடுவதுபோல் போட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

“நான் காயத்தை மூடித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றாள்.

“மூடினீங்களா? ஏன்?”

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படியேறி வந்தாள் பெற்றவள்.

ஒல்லியான பெண். அவளே தேய்த்த துணியாக இருக்க வேண்டும், கத்தி மாதிரி மடிப்பு. கையில் ஒரு பை, அதில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி எட்டிப் பார்த்தது. சுண்டுவின் காலுக்கு அது பெரிசு என்று பார்த்த மாத்திரத்தில் பெம்மாவுக்குத் தெரிந்தது.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்மா.”

“அம்மா!” என்று சுண்டு பொம்மையைப் போட்டுவிட்டு ஓடினாள். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. யாரும் பழக்காமலே.

*

அதிகாரியின் அறையில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அதிகாரி நடுத்தர வயது அம்மாள். கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வலது காதுப் பக்கத் திருகு லூசு என்று பெம்மாவின் கண் தன்னால் கண்டுபிடித்தது. இந்த நேரத்தில் அது ஒன்றுதான் அவளுக்குப் புரிகிற விஷயமாக இருந்தது.

“உங்க வீட்டுக்காரர்?”

“வேலை வந்துடுச்சு மேடம்.”

“நான் அவரோட தங்கச்சி. அவருக்குப் பதிலா வந்திருக்கேன்” என்று நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி பெற்றவளிடம் வேலை நேரம் கேட்டார். வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாளா, டாக்டரைப் பார்க்கிறாளா. பள்ளிக்கூடத்தில் சொன்ன பாடத்தை ஒப்பிப்பதுபோல் அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அதிகாரியின் முகம் இளகிக்கொண்டே வந்தது. பெம்மாவின் மடியில் இருந்த சுண்டு காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“சரி, அப்போ நான்…” என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

“மேடம், ஒரு நிமிஷம்.”

நாத்தனார் எழுந்து வந்தாள். யாரும் தடுப்பதற்குள் சுண்டுவின் கையைப் பிடித்து, பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டாள்.

“இதைப் பார்த்துட்டு எழுதுங்க.”

அதிகாரியின் பேனா பாதியில் நின்றது.

அதிகாரி எழுந்து வந்து காயத்தைப் பார்த்தார். “புதுக் காயம். பாப்பா, கை எப்படிடா சுட்டுச்சு?”

சுண்டு பெம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லுடா. யாரும் திட்டமாட்டாங்க.”

“சொல்லக் கூடாது” என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

“யார் சொல்லக் கூடாதுன்னாங்க?”

சுண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அதிகாரி மெல்லத் திரும்பிப் பெற்றவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த இளக்கம் துளியும் இல்லை.

“நீங்கதான் சொல்லணும். சனி ஞாயிறு என்ன நடந்துச்சு?”

பெற்றவள் முகம் வெளுத்துவிட்டது. “ஒண்ணும் நடக்கல மேடம். சாப்பிட்டோம், பார்க்குக்குப் போனோம்…”

“சூடு எங்கே பட்டுச்சு?”

“எங்கேயும் படல… சாயந்திரம் துணி தேய்ச்சேன். இவ பக்கத்துல படுத்திருந்தா. தேய்ச்சு முடிச்சு ஆஃப் பண்ணினேன்…” அவள் நிறுத்தினாள். கண்கள் எங்கோ எதையோ தேடின. “பண்ணினேனா?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“மாத்திரை போட்டா கொஞ்சம் மந்தமா இருக்கும் மேடம். பண்ணினேன்னுதான்… ஐயோ, நான்தானா? நான் பார்க்காம இருந்துட்டேனா? பிள்ளை அழுதிருக்குமே, எனக்கு ஏன் ஞாபகம் இல்லே?”

நாத்தனார், நான் சொல்லவில்லையா என்பதுபோல் பெம்மாவைப் பார்த்தாள். பெம்மா மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பிள்ளை அவளுக்கு.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே இருங்க. நான் மேலிடத்துல பேசணும். குழந்தை இங்கேயே இருக்கட்டும்.”

*

தாழ்வாரத்தின் கோடியில் பெண்களுக்கான கழிவறை. பெம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். முழங்கால் போட இடம் இல்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆண்டவரே, என்று ஆரம்பித்தாள். வழக்கமான ஜெபம்தான் முதலில் வந்தது. எங்களுக்கே கொடும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கூசியது. கொடுக்கத்தான் போகிறாரே, இன்னும் கொஞ்ச நேரத்தில். அந்த அறையில் அது நடந்துகொண்டிருக்கிறது. கொடுப்பது அவர் இல்லை, தன் மௌனம்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உம்முடைய சித்தம் என்று இவ்வளவு நாள் சொன்னதெல்லாம், அவர் சித்தமும் தன் ஆசையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற தைரியத்தில் சொன்னது. இரண்டும் வேறு வேறு என்று இப்படி எதிரெதிரே வந்து நின்றபோது, தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நீர், உம் என்ற சபை மொழியெல்லாம் அதற்கப்புறம் வரவில்லை.

“எனக்குப் பிள்ளை வேணும்” என்றாள் மெதுவாக, வாய்விட்டே. “வேற எதுவும் எனக்குத் தெரியல. விடணும்னு ஆசையே வரல. ஆசை வந்தப்புறம் விடறதுன்னா நான் சாகற வரைக்கும் விடமாட்டேன். குடுக்க எனக்குத் தெரியல. இந்த வேணும்ங்கறதை நீங்களே வந்து எடுத்துக்குங்க. நான் கையை மூடிட்டுதான் நிப்பேன். பிரிச்சு எடுத்துக்குங்க.”

காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. சமாதானம் வரவில்லை. மனசுக்குள் ஒரு குரலும் கேட்கவில்லை. தொட்டி நிரம்பித் தண்ணீர் நின்ற சத்தம் மட்டும் கேட்டது. உலகத்தில் தான் ஒருத்திதான் மிச்சம் என்பதுபோல் இருந்தது.

பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு.

“ஆஃப் பண்ணினேன். சுவிட்சை மேலே தள்ளினேன். இல்ல, அது வெள்ளிக்கிழமையா? ஆஃப் பண்ணினேன்… பண்ணினேன்…”

பெற்றவள். தன் கை செய்யாத ஒன்றைச் செய்ததாக நம்புவதற்கு, மனசைத் துழாவிக்கொண்டிருந்தாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதைப் புரிந்துகொள்ளப் பெம்மாவுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தாள். முகம் கழுவக்கூட நிற்கவில்லை. நின்றால் போகமாட்டோம் என்று பயமாக இருந்தது.

*

“மேடம், அந்தக் காயம் என் கடையில பட்டது. செவ்வாய்க்கிழமை. ஃபிரேம் சூடாக்கற மெஷின்ல கை வெச்சுட்டா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னது நான்தான்.”

ஒரே மூச்சில் சொன்னாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அதிகாரி கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். “அந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் துடிச்சுதே, அப்போ ஏன் சும்மா இருந்தீங்க?”

“பிள்ளை எனக்கு வேணும்னுதான்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று பெம்மா எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற பெற்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “நிஜமாவாக்கா? நான் இல்லையா?”

“நீ இல்லம்மா. நீ ஆஃப் பண்ணித்தான் இருப்பே.”

“நான் இல்ல!” என்று அவள் அதிகாரியிடம் திரும்பினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “மேடம், நான் இல்லையாம்!” பெம்மா மேல் கோபப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் இல்லை என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பெம்மாவுக்கோ, ஒரு அறை விழுந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

அதிகாரி சொன்னது சுருக்கமாக இருந்தது. பிள்ளை தாயிடம் போகலாம். சாதாரணமாக இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பெம்மா வீட்டில் வைத்திருந்து அனுப்புவது வழக்கம். ஆனால் காயத்தை மறைத்த வீட்டுக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் கிடையாது.

“இன்னைக்கே கூட்டிட்டுப் போகட்டும். இங்கேர்ந்தே. மன்னிச்சுக்குங்கம்மா.”

ஞாயிற்றுக்கிழமை. தோற்றாலும் அதுவரைக்கும் பிள்ளை இருக்கும் என்று நம்பியிருந்தாள். சபைக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, சாமான்களையெல்லாம் எடுத்து வைத்து… துவைத்துப் போட்ட துணிகூட இன்னும் கொடியில்தான் காய்கிறது.

சுண்டு முன்னால் மண்டியிட்டாள்.

“சுண்டு, இங்கே பாரு. சொல்லாதேன்னு பெம்மா சொன்னேன்ல? அது தப்பு. கை எப்படிச் சுட்டுச்சுன்னு யார் கேட்டாலும் சொல்லலாம்.”

“அம்மாகிட்டயும்?”

“முதல்ல அம்மாகிட்டதான்.”

“நீ வரலையா?”

“பெம்மாவுக்குக் கடையில வேலை இருக்குடா. நீ அம்மா வீட்டுக்குப் போ.”

“பெப்பா?”

“பெப்பா லிப்ட் சரி பண்றார்.”

சுண்டு யோசித்தாள். “அப்போ இந்தச் சட்டையைக் கழட்டலாமா?”

பெம்மா இன்னொரு கையின் பொத்தானையும் கழற்றி, துணியை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள். மடிப்பு கோணலாக வந்தது. பெற்றவள் குனிந்து அதைச் சரி செய்தாள். துணி மடித்துப் பழகிய கை. ஒரு நொடியில் நேராகிவிட்டது.

பிள்ளையும் பெற்றவளும் போன பிறகு, அதுவரை தாழ்வாரத்திலேயே நின்றிருந்த நாத்தனார் வாசல்படியில் பெம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அண்ணி இது? ஊரெல்லாம் உபவாசம் இருந்தது எதுக்கு? கைக்கு வந்ததை நீங்களே தூக்கிக் குடுத்துட்டீங்களே!”

“கைக்கு வந்தது பொய்.”

“அப்போ எனக்கு ஆண்டவர் சொன்னது?”

பெம்மாவுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. “எனக்குத் தெரியலம்மா. எனக்கு அவர் ஒண்ணும் சொல்லல.”

நாத்தனார் கைப்பையை இறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். அவள் தோள் குலுங்கியது. அவளும் சுண்டுவைத் தூக்கி வளர்த்தவள்தான். பெம்மாவுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூப்பிடலாம் என்று நினைப்பதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

*

சாயந்திரம் பெப்பா வந்தபோது பெம்மா விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரே விளக்கைப் போட்டார். பையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். தங்கச்சி போன் பண்ணி எல்லாம் சொல்லியிருந்தாள்.

“காலையில நீங்க வந்திருக்கலாம்” என்றாள்.

“வந்திருந்தா பொய் சொல்லியிருப்பேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். சுண்டுதான், பெப்பாகிட்ட மட்டும்னு சொல்லி, பெம்மா கடையில உஸ்ஸ்னு சுட்டுடுச்சுன்னு காதுல சொன்னா. நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. அப்புறம் நீ சொல்லாமலே இருக்கட்டும்னு தோணிடுச்சு. லிப்ட் எதுவும் நிக்கல. நானே கேட்டு வாங்கிட்டுப் போன வேலை. லிப்ட்டு மேல உட்கார்ந்துகிட்டு, இருட்டுல, பெம்மா வாயைத் திறக்கக் கூடாது ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணிட்டிருந்தேன்.”

பெம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு பெரிய பாரத்தைத் தான் ஒருத்தியாகச் சுமக்கிறோம் என்று நினைத்து நினைத்துச் செத்தாளே, பக்கத்துத் தலையணையில் இருந்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சிருப்போம்.”

அது உண்மை.

“பாவம் ஆண்டவர்” என்றாள். “நீங்க ஒண்ணு கேக்கறீங்க, நான் ஒண்ணு கேக்கறேன், உங்க தங்கச்சி சாப்பிடாம கிடந்து ஒண்ணு கேக்கறா.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எழுந்து போய் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினார்கள். குளிர்சாதனப் பெட்டி உறுமி நிற்கிற சத்தம் இந்த வீட்டில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

போன் அடித்தது. பெற்றவள்.

“அக்கா, தொந்தரவு பண்றேனா?”

“இல்லம்மா, சொல்லு. தூங்கிட்டாளா?”

“தூங்கிட்டா. அழுவா அழுவான்னு பயந்துட்டே இருந்தேன், அழவே இல்லக்கா! நல்லா சாப்பிட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் கையைக் காட்டிக் கதை சொன்னா. படுத்தா, தூங்கிட்டா. உங்களைக்கூட ஒரு தரமும் கேக்க…” அவள் நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது.

பெம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை அழ வேண்டும், தன்னைக் கேட்டு அடம் பிடிக்க வேண்டும் என்று சாயந்திரம் முழுக்க உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பு இருந்ததே இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

“நல்லதும்மா” என்றாள்.

“அக்கா, நான் கூப்பிட்டது வேற விஷயம். இவ அப்பா போன் பண்ணினார்.”

“யாரு?”

“அவர்தான். இத்தனை வருஷம் எங்கே இருந்தார்னு சொல்லல. பிள்ளை என்கிட்ட வந்தது எப்படித் தெரிஞ்சுதுன்னும் சொல்லல. நாளைக்குக் காலையில பார்க்க வரேன்ங்கறார். நான் என்னக்கா பண்றது?”

கதவைத் திறக்காதே. உடனே அதிகாரிக்குப் போன் போடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைசியாக வந்ததுதான் எல்லாவற்றையும்விட இனிப்பாக இருந்தது. இங்கே வந்துவிடு. அந்த இனிப்பை அவளுக்கு இப்போது அடையாளம் தெரிந்தது. மென்று விழுங்கினாள்.

“உனக்கு என்ன தோணுது?”

“எனக்கா?”

“நீதானே அவ அம்மா.”

“இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லக்கா” என்றாள் பெற்றவள்.

“பயமா இருந்தா அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. மத்ததை நீ யோசி. என்ன முடிவு பண்ணினாலும், கூப்பிட்டா நான் வரேன்.”

போனை வைத்தாள். பெப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழவில்லை என்று சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வருகிறவனைப் பற்றியும் சொன்னாள். அவர் எழுந்து கருவிப் பையை எடுத்து, எங்கேயோ கிளம்பப் போகிறவர்போல் தோளில் மாட்டி, எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி இறக்கி வைத்தார்.

“ஜெபம் பண்ணுவோமா?” என்று அவள் கேட்டாள்.

“என்னன்னு?”

அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஆரம்பித்தாள்.

“ஆண்டவரே, அவ என்னைக் கேக்கல. கேக்காமலே இருக்கட்டும். மறந்துட்டாலும் சரி. ராத்திரி நல்லாத் தூங்கட்டும். அவங்கம்மாவுக்கு நாளைக்குப் புத்தியும் தைரியமும் குடுங்க. எங்களுக்கு…” அதற்குமேல் கேட்க எதுவும் வரவில்லை. அப்படியே நிறுத்திவிட்டாள்.

பெப்பா உடனே ஆமென் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள். கடைசியில் சொன்னார்.

படுக்கப் போகும்போது போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். விடிந்தால் அந்த மனுஷன் அங்கே வாசலில் வந்து நிற்பான். பெற்றவள் கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாவிட்டால் போகக் கூடாது. முதலாவது சுலபம். இரண்டாவதை நினைத்துக்கொண்டுதான் பெம்மா விழித்துக் கிடந்தாள்.